ஆதரவு ரெடி

எங்கள் தெருமுனை மெஸ் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. இருபது வருடமாக அதில் இரண்டே சொல்: "சாப்பாடு ரெடி." மழையில் அழிந்தால் அண்ணாச்சி மறுபடியும் எழுதுவார். அவருடைய மொத்த விளம்பரச் செலவு மாதத்துக்கு ஒரு சாக்பீஸ்.

ஆவணி மாதம் அந்தப் பலகையை ஒரு ஃப்ளெக்ஸ் மறைத்தது. இருபதடி அகலம். "உள்ளூர் உணவகங்களைக் காப்போம்! கைகொடுத்துத் தூக்குவோம்!" மேலே கைகூப்பிய ஏழு முகங்கள். கீழே வட்டத்துக்குள் முப்பது முகங்கள். அதில் ஒன்றுகூட அந்த மெஸ்ஸில் சாப்பிட்ட முகம் இல்லை. அண்ணாச்சி படமும் இல்லை. ஃப்ளெக்ஸ் எழுந்த நாளிலிருந்து மெஸ் ரோட்டுக்குத் தெரியவில்லை. "கடையை மூடிட்டீங்களா அண்ணாச்சி?" என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் போட்டுத் துக்கம் விசாரித்தார்.

காப்பாற்றுவது என்றால் இப்படித்தான். ஆள் இருக்கும் இடமே தெரியாமல் காப்பாற்ற வேண்டும்.

ஆதரவுக் கூட்டம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஏசி மண்டபம். பொன்னாடைகள், நினைவுப் பரிசுகள், இரண்டு மணி நேரப் பேச்சு. உள்ளூர் அடுப்பு அணையக் கூடாது என்று ஒருவர் கண்கலங்கினார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பிரியாணி வெளியூர் கேட்டரிங். உள்ளூர் மெஸ்ஸிடமிருந்து கூட்டத்துக்கு எதுவுமே வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்கொடை வாங்கினார்கள். 2,000 ரூபாய். ரசீது உண்டு. அண்ணாச்சிக்கு ஆதரவு தரும் செலவை அண்ணாச்சியே ஏற்றுக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். பொறுங்கள். ஃப்ளெக்ஸ்காரர்கள் சின்ன மீன். இந்தக் கோஷத்தை நாட்டுக்கே வாரி வழங்கிய திமிங்கிலங்கள் வேறு குளத்தில் இருக்கின்றன.

2020 மார்ச் 22, மாலை ஐந்து மணி. தட்டைத் தட்டச் சொன்னார்கள். தட்டினோம். மூன்றாம் நாள் ஊரடங்கு. தட்டு நம் கையில் இருந்தது. தட்டில் போடுகிறவரின் அடுப்பு அணைந்தது. மே 12 அன்று பிரதமர் தொலைக்காட்சியில் வந்தார். உள்ளூருக்காகக் குரல் கொடுங்கள் என்றார். 20 லட்சம் கோடி ரூபாய் என்றார். எத்தனை சைபர் என்று எண்ணி முடிப்பதற்குள் பாதிப்பேருக்குப் பசி வந்துவிட்டது.

அந்தத் தொகையில் ஹோட்டல்காரருக்கு என்ன வந்தது என்று பார்த்தால், வந்தது கடன். பிணை இல்லாத அவசரக் கடன், 3 லட்சம் கோடி. யாருக்கு? பிப்ரவரி 29-ஆம் தேதி வங்கியில் ஏற்கெனவே பாக்கி வைத்திருப்பவருக்கு, அந்தப் பாக்கியில் 20 சதவீதம். அண்ணாச்சிக்கும் பிப்ரவரி 29-இல் பாக்கி இருந்தது. வங்கியில் இல்லை, தினவட்டிக்காரரிடம். அவர் ரிசர்வ் வங்கியின் பட்டியலில் வரவில்லை. தள்ளுவண்டி வைத்திருந்தால் 10,000 ரூபாய் கடன் கொடுக்கத் தனித் திட்டம் வந்தது. அண்ணாச்சியிடம் தள்ளுவண்டியும் இல்லை. நாலு சுவரும் ஒரு வாடகை ஒப்பந்தமும் இருந்தன. தெருவுக்கு வந்தவனுக்குக் கடன் உண்டு. தெருவுக்கு வரப்போகிறவன் வந்த பிறகு விண்ணப்பிக்கலாம்.

ஜூன் 8 முதல் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்கள். பாதி இருக்கையில். கட்டட உரிமையாளர் முழு இருக்கைக்கும் வாடகை வாங்கினார். 2021 மே மாதம் மறுபடியும் பார்சல் மட்டும். இடையில் மதுரையில் ஒரு ஹோட்டல் முகக்கவச வடிவில் பரோட்டா போட்டு ஊரைச் சிரிக்க வைத்தது. அந்த ஒரு பரோட்டா செய்த விழிப்புணர்வை எத்தனை கோடி ரூபாய் விளம்பரம் செய்தது என்று யாராவது தணிக்கை செய்யட்டும். ஒரு மாஸ்டரின் கைக்கு இருக்கும் மூளை ஒரு திட்டத்துக்கு இல்லாமல் போனது எப்படி?

2020 ஆகஸ்டில் பிரிட்டன் அரசு வேறு ஒன்றைச் செய்தது. திங்கள், செவ்வாய், புதன் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் பாதி பில்லை அரசே கட்டியது, தலைக்கு 10 பவுண்டு வரை. தொற்று பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னால் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இருக்கட்டும். பழிக்கு ஆளானாலும் மேஜையில் காசு வைத்தார்கள். நம் ஊரில் மேஜையில் வைத்தது கைதட்டல்.

கொரோனா போய்விட்டது. ஆதரவு போகவில்லை.

2024 செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஹோட்டல் தொழிலை இந்த நாடு எப்படித் தாங்குகிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த அந்த ஒரு வாரம் போதும்.

திங்கள், செப்டம்பர் 9. டெல்லியில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. ஒன்றிய அமைச்சரும் மாநில அமைச்சர்களும் உட்கார்ந்திருந்த சபை அது. ஆகவே டெல்லியை மட்டும் திட்டிவிட்டு யாரும் நழுவ வேண்டாம். கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர் என்றால், அவருக்குக் கொடுக்கும் வாடகைக்கு 18 சதவீத வரியைப் பதிவு செய்த கடைக்காரரே கட்ட வேண்டும் என்று முடிவானது. அக்டோபர் 10 முதல் அமல். வாடகை 50,000 என்றால் வரி 9,000. வாடகை வாங்குகிறவர் ஒருவர், வரி கட்டுகிறவர் இன்னொருவர். பெரிய கம்பெனிகள் இதை உள்ளீட்டு வரியில் கழித்துக்கொள்ளும். 5 சதவீதத்தில் இருக்கும் ஹோட்டலுக்கு அந்தக் கழிவு கிடையாது. 2017 நவம்பரிலேயே பிடுங்கிவிட்டார்கள். சிறு கடைகள் கத்திய பிறகு, சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் முறையில் இருப்பவர்களை மட்டும் டிசம்பரில் விட்டுவிட முடிவு செய்தார்கள். மற்றவர்கள் கட்டுகிறார்கள்.

புதன், செப்டம்பர் 11. கோவை. ஒன்றிய நிதி அமைச்சர் தொழில்முனைவோரைச் சந்தித்தார். அன்னபூர்ணா ஹோட்டலை நடத்தும் சீனிவாசன் எழுந்தார். பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம். வாடிக்கையாளர் பன்னைக் கொண்டு வா, க்ரீமை நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒரு குடும்பம் சாப்பிட்டால் பில் போட முடியாமல் கம்ப்யூட்டரே திணறுகிறது என்றார். கோவை மரியாதை மாறாமல், மேடம் மேடம் என்றுதான் சொன்னார். அரங்கம் சிரித்தது. நாடு சிரித்தது. அரசு சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு வீடியோ ஊரைச் சுற்றியது. அதே சீனிவாசன், நிதி அமைச்சரைத் தனியாகச் சந்தித்து வருத்தம் தெரிவிக்கும் வீடியோ. மூடிய அறையில் நடந்ததைத் திறந்துவிட்டது ஒன்றியத்தில் ஆளும் கட்சிக்காரர்கள். அப்புறம் அந்தக் கட்சியின் மாநிலத் தலைவர், வீடியோவை வெளியிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். கணக்கு சரியாகிவிட்டது. கேள்வி கேட்டவர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பைப் படம் பிடித்தவர்கள் சார்பிலும் மன்னிப்புக் கேட்டாயிற்று. க்ரீமுக்கு வரி போட்டவர்கள் மட்டும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

சனி, செப்டம்பர் 14. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கான இறக்குமதி வரி, செஸ் எல்லாம் சேர்த்து 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆனது. எண்ணெய்வித்து விவசாயியைக் காப்பாற்றுவதற்காம். அவரையும் காப்பாற்றுகிறார்கள். அவர் முகம் எந்த ஃப்ளெக்ஸில் இருக்கிறது என்று தெரியவில்லை.

ஆக, திங்கட்கிழமை வாடகையில் கை. புதன்கிழமை வாயில் கை. சனிக்கிழமை வாணலியில் கை. ஞாயிறு விடுமுறை.

பன்னிலிருந்து பாடம் கற்றார்களா? மூன்றே மாதத்தில் பாப்கார்னுக்கு வந்தார்கள். உப்புக் காரம் போட்டு உதிரியாகக் கொடுத்தால் 5. பொட்டலம் கட்டிப் பெயர் அச்சடித்தால் 12. சர்க்கரைப் பாகில் புரட்டினால் 18. சோளம் ஒன்று, பொரிவது ஒன்று, வரி மூன்று. பிறகு 2025 செப்டம்பர் 22 அன்று கேக், பிஸ்கட் வகையறாவை 18-இலிருந்து 5-க்கு இறக்கினார்கள். வரலாற்றுச் சீர்திருத்தம் என்று விழா எடுத்தார்கள். கோவையில் ஒருவர் அதைக் கேட்டு ஒரு வருடமும் பதினொரு நாளும் ஆகியிருந்தன. கேட்டவர் மன்னிப்புக் கேட்க இரண்டு நாள்கூட ஆகவில்லை.

அதே சீர்திருத்தத்தில் பரோட்டாவுக்கும் வரி விலக்கு வந்தது. ஆனந்தக் கூத்தாடாதீர்கள். அது கடையில் பாக்கெட்டில் விற்கும் பரோட்டா. மாஸ்டர் உங்கள் கண்ணெதிரே வீசி, அடித்து, சால்னா ஊற்றிக் கொடுக்கும் பரோட்டா இன்னும் 5 சதவீதம்தான். உறைந்து கிடக்கும் பரோட்டாவுக்கு விலக்கு. உயிரோடு இருக்கும் பரோட்டாவுக்கு வரி.

அடுப்புக்கு வருவோம். வீட்டு சிலிண்டர் விலை ஐம்பது ரூபாய் ஏறினால் சட்டமன்றம் அதிரும், சாலையில் சிலிண்டருக்கு மாலை போடுவார்கள். வணிக சிலிண்டர் அனாதை. 2022 மே முதல் தேதி சென்னையில் 19 கிலோ சிலிண்டர் 2,508 ரூபாயைத் தொட்டது. தொழிலாளர் தினப் பரிசு. ஒரு மாலைகூட விழவில்லை. அந்த சிலிண்டருக்கு ஓட்டு கிடையாது. அது எரிந்தால்தான் ஓட்டு இருப்பவன் காலையில் இட்லி சாப்பிடுகிறான் என்பது எந்தக் கட்சி அலுவலகத்திலும் பதிவாகவில்லை.

சரி, அரசு கைவிட்டால் என்ன, தொழில்நுட்பம் இருக்கிறதே என்று வந்தார்கள் செயலிக்காரர்கள். அவர்களும் ஆதரவாளர்கள்தான். ஹோட்டல்காரர்களை 'பார்ட்னர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பார்ட்னர்ஷிப் கணக்கு இதுதான். நூறு ரூபாய்ச் சாப்பாடு. கமிஷன் 20 முதல் 30 ரூபாய் வரை என்கிறார்கள் ஹோட்டல்காரர்கள். நடுவில் 25 என்று வையுங்கள். அந்த 25-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 4 ரூபாய் 50 காசு. அதிலும் கழிவு கிடையாது. செயலியில் கடை பெயர் மேலே தெரிய வேண்டுமானால் விளம்பரக் காசு. நீங்கள் 'பாதி விலை' கூப்பன் போட்டு மகிழ்கிறீர்களே, அதில் பெரும் பங்கு அண்ணாச்சியின் பாதி. மிச்சத்தில் அரிசி, எண்ணெய், கேஸ், மாஸ்டர் சம்பளம், வாடகை. கடைசியாக ஒரு ஸ்மைலி படம்.

உங்களிடமும் வாங்குகிறார்கள். 2023-இல் 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' என்று இரண்டு ரூபாயில் கால் வைத்தார்கள். 2025-இல் அது பன்னிரண்டைத் தாண்டியது. காபி ஒரு ரூபாய் ஏறினால் கல்லாவில் நின்று பஞ்சாயத்து வைக்கிற நாம், பார்க்காத பிளாட்ஃபார்முக்குப் பன்னிரண்டு ரூபாய் கட்டிவிட்டு வாயைத் திறக்கவில்லை. ரயில்வே பிளாட்ஃபார்ம் டிக்கெட்டே பத்து ரூபாய்தான். அங்கே ரயிலாவது வரும்.

யார் வாங்கிச் சாப்பிட்டார்கள் என்பதையும் வருடக்கணக்கில் கடைக்காரருக்குச் சொல்லாமலே வைத்திருந்தார்கள். முப்பது வருட வாடிக்கையாளர் செயலிக்குள் போனதும் ஓர் ஆர்டர் எண் ஆகிவிடுகிறார். ருசி அண்ணாச்சியுடையது. பசி நம்முடையது. நம் முகவரி மட்டும் கம்பெனியுடையது. பிறகு அதே கம்பெனிகள் பத்து நிமிடத்தில் சாப்பாடு என்று தாங்களே அடுப்பு மூட்டக் கிளம்பின. பார்ட்னர் முதலில் பந்தியில் உட்கார்ந்தார், இப்போது சமையற்கட்டுக்குள் வந்துவிட்டார். ஹோட்டல்காரர் சங்கம் போட்ட புகாரில் 2022 ஏப்ரலில் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. உத்தரவு ஒரே இரவில் பொங்குவதற்கு அது என்ன இட்லி மாவா?

இந்த நாடகத்தில் முதுகெலும்பு தெரிந்த ஒரு காட்சி நாமக்கல். 2025 ஜூலை முதல் தேதி அந்த ஊர் ஹோட்டல்காரர்கள் இரண்டு பெரிய செயலிகளுக்கும் சாப்பாடு தருவதை நிறுத்தினார்கள். ஃப்ளெக்ஸ் இல்லை. வட்டத்துக்குள் முகம் இல்லை. எங்கள் அடுப்பு, எங்கள் விலை என்றார்கள். முட்டை ஊர். ஓட்டுக்குள் இருப்பது எப்போதும் ஓட்டுக்குள்ளேயே இருந்துவிடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் நமது அன்புக்குரிய சீருடை, கரைவேட்டி ஆதரவாளர்கள். இவர்களுக்குச் செயலி வேண்டாம், கூப்பன் வேண்டாம். "நாலு பரோட்டா, ரெண்டு ஆம்லெட், பார்சல்" என்ற குரலே போதும். பில் என்ற சொல் அவர்கள் அகராதியில் இல்லை. 2018-இல் சென்னை விருகம்பாக்கத்தில் பிரியாணி தீர்ந்துவிட்டது என்று சொன்ன ஊழியர்களுக்கு ஒரு கட்சிக்காரர் குத்துச்சண்டை நடத்திக் காட்டினார். சிசிடிவி இருந்தது. ஊர் பார்த்தது. கட்சி அவரைத் தற்காலிகமாக நீக்கியது. செயல் தலைவரே கடைக்குப் போய் ஆறுதல் சொன்னார். நல்லது. கேமரா இல்லாத கடைகளுக்கு எந்தத் தலைவர் போவார்? அங்கே தீர்ந்துபோன பிரியாணிக்கு அண்ணாச்சிகள் இன்னொரு கடையில் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

வீடியோ விமர்சகர்களை மறக்கக் கூடாது. கேமராவோடு வருவார்கள். இலை நிறைய வாங்குவார்கள். முதல் வாயிலேயே கண்ணை மூடி, தலையை ஆட்டி, "வேற லெவல்" என்பார்கள். மறுநாள் நூறு பேர் வருவார்கள். மூன்றாம் நாள் வேறு தெருவில் வேறு லெவல். நூறு பேருக்கு வாங்கிப் போட்ட காய்கறி அண்ணாச்சியைப் பார்த்து வாடும்.

எல்லாரையும் திட்டியாயிற்று. இனி நம் முறை.

ஆபீஸ் குழுவில் "உள்ளூர்க் கடைகளில் வாங்குவோம்" என்ற செய்தியைப் பதினெட்டுப் பேருக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு, பத்தடி தூரத்து மெஸ்ஸிலிருந்து செயலியில் ஆர்டர் போட்டது யார்? நாலு இட்லிக்கு மூன்று முறை சட்னி, நாலு முறை சாம்பார் வாங்கிவிட்டு, விலைப்பலகையில் அஞ்சு ரூபாய் ஏறியதும் "கொள்ளையடிக்கிறான்" என்றது யார்? சினிமா தியேட்டரில் அதே சோளப்பொரிக்கு முன்னூறு கொடுத்துவிட்டு மூன்று வரி விகிதத்தையும் மௌனமாக மென்றது யார்? ஒரு நாள் ரசத்தில் உப்புக் குறைந்ததற்கு ஒற்றை நட்சத்திரம் போட்டது யார்? பிறகு ஒரு காலையில் ஷட்டர் இறங்கியிருப்பதைப் பார்த்து, படம் எடுத்து, "ஒரு சகாப்தம் முடிந்தது" என்று எழுதி, அழும் முகம் போட்டதும் அதே ஆள்தான். கடை இருந்தபோது ஒரு நட்சத்திரம். செத்த பிறகு சகாப்தம்.

ஊர் திரண்டு ஹோட்டலைத் தாங்கிய காலம் ஒன்று இருந்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. மாத டோக்கன் என்றார்கள், அவ்வளவுதான். பேச்சிலர்கள் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கியதும் முப்பது நாள் சாப்பாட்டுக் காசை மெஸ்ஸில் கட்டிவிடுவார்கள். அந்தக் காசில் அரிசி மூட்டை வரும். தினவட்டிக்காரர் வாசலுக்கு வரமாட்டார். ஊருக்குப் போகும் நாளில் டோக்கன் மிச்சமாகும், மறுமாதம் செல்லும். காய்ச்சல் வந்தால் கஞ்சி வரும், அது கணக்கில் ஏறாது. பிணை கேட்காத கடன் திட்டம் இதுதான். இதை அறிவிக்க யாரும் தொலைக்காட்சியில் வரவில்லை. 20 சதவீத வரம்பும் இல்லை.

அதனால் இன்னொரு கூட்டம் வேண்டாம். மெஸ்ஸுக்கு நடந்து போங்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள். போன் நம்பர் வாங்கி நேராகச் சொல்லிவிட்டு வாங்குங்கள். காசைக் கொடுங்கள், முடிந்தால் முன்கூட்டி. அப்புறம் வரி போட்டவரிடமும் கமிஷன் வைத்தவரிடமும் கேட்கவேண்டியதைக் கேளுங்கள். மன்னிப்புக் கேட்கும் வீடியோவில் உட்கார வேண்டியது யார் என்பதை அடுத்த தேர்தலுக்கு முன் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஐப்பசி மழை வந்தது. ஃப்ளெக்ஸைக் கழற்ற ஒருவரும் வரவில்லை. அண்ணாச்சியே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார். கேஸ் செலவைக் குறைக்கப் பின்கட்டில் விறகு அடுக்கியிருக்கிறார். அதன்மேல் போர்த்திக் கயிறு கட்டினார். ஏழு பேரும் கொட்டும் மழையில் கைகூப்பியபடி விறகைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நல்ல கெட்டியான சரக்கு சார். ஒரு சொட்டு உள்ள இறங்கல" என்றார் அண்ணாச்சி. 2020-இலிருந்து அவருக்குக் கிடைத்த ஆதரவுகளில் உருப்படியானது அது ஒன்றுதான். அதற்கு அவர் 2,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்.

வாசலில் பலகை மறுபடியும் தெரிகிறது. மழையில் அழிந்த எழுத்தைப் புது சாக்பீஸால் எழுதியிருக்கிறார். சாப்பாடு ரெடி.